மீண்டும் மலர்ந்த பருத்தி

மலரை விரும்பாத மாந்தர் இலர். ஆயினும், காலையில் மலர்ந்த பூ மாலையில் வாடிவிடுகின்றது. ஆதலின், வாடா மலரைப் படைக்க மனிதன் தொன்றுதொட்டு முயன்று வந்துள்ளான். சங்ககால வேந்தர் பாணர்க்குப் பொற்றாமரைப் பூவைப் பரிசிலாக அளித்தனர். உழவர் பொங்கல் விழாவில் மாடுகளுக்கு நெட்டி மாலை சூட்டினர். பொன்னும் நெட்டியும் இன்றியே, கழித்து எறியும் பொருள்களைக் கொண்டும் அழகிய மலர்கள் செய்யலாம்.

கொங்கு நாட்டுப் பல்லடம் விசைத்தறிக்குப் பெயர்பெற்ற ஊர். அதனை அடுத்த திருப்பூர் பனியன் தொழிலுக்குத் தலைமையிடம். துணியை அடுக்கி வெட்டும்போது கழுத்து, கை ஆகியவற்றின் வளைவுகளை ஒட்டிச் சிறு துண்டுகள் எஞ்சும். அவற்றை அப்பகுதியினர் 'வேஸ்ட்' என்பர். அவற்றுள் சில எந்திரம் துடைக்க உதவும். சில மீண்டும் பஞ்சாகி நூலாகும். தூய வெண்பருத்தித் துண்டுகளோ கைத்தாள் செய்வார்க்குச் சிறந்த மூலப்பொருள் ஆகும்.

துணியிலிருந்து தாள் செய்தல் புதுமை அன்று. கி.பி. 105ஆம் ஆண்டில் சீன நாட்டுச் சாய் லுன் என்பவர் மரப்பட்டை, கந்தல், பழைய மீன்வலை முதலியவற்றால் தாள் செய்யும் முறையை அரசனுக்கு அறிவித்தார் என்பர். ஐரோப்பாவிலும் 19ஆம் நூற்றாண்டில் மரக்கூழ் பரவும்வரை கந்தலே தாளின் முதற்பொருளாய் இருந்தது. தஞ்சையிற் பிறந்த பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா, 1934இல் காந்தியடிகளின் முயற்சியால் தோன்றிய அனைத்திந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தின் வாயிலாகக் கைத்தாள் தொழிலுக்கு ஊக்கமளித்தார். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமக் கைத்தாள் கூடம் 1959இல் தொடங்கப்பெற்றது.

பழைய தாளை மட்டும் கூழாக்கினால் போதாதோ எனில், போதாது. தாள் என்பது நுண்ணிழைகளின் பிணைப்பு. கூழாக்கும்தோறும் இழைகள் குறுகி வலிமை குன்றும். சில முறைக்குப்பின் அவை தாளாய் நில்லா. நெடிய பருத்தியிழை உடன்சேரின், தளர்ந்த முதியோரை இளையோர் தாங்குதல்போல அக்குறுகிய இழைகளைத் தாங்கும். செயற்கையிழை கலந்த துணியோ நீரில் ஊறிப் பிணையாது. அதனை முன்னரே விலக்கிவிடல் வேண்டும்.

பழந்தாளைக் கிழித்து ஓர் இரவு ஊறவைப்பர். துணியைப் பொடியாக நறுக்கி, இழை பிரியுமாறு எந்திரத்தில் நீருடன் அடிப்பர். இரண்டையும் தொட்டி நீரிற் கலந்து, கம்பிவலைச் சட்டத்தால் மெல்ல முகந்து எடுப்பர். வலைமேல் படிந்த ஏட்டைத் துணிமீது கவிழ்த்து, அழுத்தி நீர் வடித்து, நிழலில் உலர்த்துவர். எந்திரத் தாளில் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்திருக்கும். கைத்தாளிலோ அவை பல திசைகளிலும் பின்னிக் கிடக்கும். ஆதலின், அஃது எப்பக்கம் வளைப்பினும் வளைந்து இதழுக்கு ஏற்றதாகும்.

இனி, எம்மலரைச் செய்யலாம்? பருத்திப் பூவையே செய்யலாம். அதற்கு இதழ்கள் ஐந்து. ஒன்றன் ஓரம் மற்றொன்றன்மேல் திருகினாற்போல் படிந்திருக்கும். அடியில் பல்போலப் பிளந்த மூன்று பசிய செதில்கள் உண்டு. நம் நாட்டில் பெரிதும் பயிராகும் பருத்தி வகையில், முதல்நாள் வெளிறிய நிறத்தில் விரியும் பூ மறுநாள் செந்நிறம் கொள்ளும். ஆகவே, வெண்தாளால் ஒன்றும் செந்தாளால் ஒன்றும் செய்து ஒரே கிளையில் அமைத்தல் தகும். இதழின் விளிம்பை எழுதுகோலில் சுற்றி வளைத்து, அடியைக் கஞ்சிப் பசையால் கம்பியில் ஒட்டிப் பசிய தாளால் போர்த்துக. உண்மைப் பூவை உற்றுநோக்காத கை, உயிருள்ள பூவைச் செய்யாது.

இம்மலர்மீது பளபளப்பு வேண்டிப் பிளாஸ்டிக் பூச்சு இடுதல் ஆகாது. பூச்சிட்ட தாள் எளிதிற் கூழாகாது. இடாத மலரோ, நிறம் மங்கியபின் கம்பியை நீக்கினால் மீண்டும் தொட்டிக்குச் செல்லும். செடியில் பூத்துக் காயாகி, வெடித்துப் பஞ்சாகி, நூலாகிப் பனியனாகிய பருத்தி, வெட்டி எறிந்த துண்டிலிருந்து மீண்டும் பூவாகின்றது. குப்பை என்று ஒரு பொருளைத் தள்ளுமுன், அதன் பயன் முற்றியதோ நம் கைகளின் முயற்சி முற்றியதோ என எண்ணிப் பார்த்தல் அறிவுடையார் கடனாகும்.