பெரிய றெயிலரும் நடுத்தர பிக்கப்பும்: கொழுவ முன் ஒரு கணக்கு

யூலை மாதக் கடைசி இரண்டு கிழமையும் கியூபெக்கில் கட்டடத் தொழிலாளருக்கு விடுமுறை. பல தொழிற்சாலைகளும் அப்போதுதான் பூட்டுகின்றன. டவுன்டவுனில் மூன்றரை வீட்டுக்குள் பிள்ளைகளோடு வேகும் எம்மவர்களுக்கு ஒக்கா பூங்காவின் வாவிக்கரை பெரிய ஆறுதல். கூடாரத்தில் படுப்பதைவிட றெயிலர் வசதி என்று பலர் இப்போது யோசிக்கிறார்கள். ('காம்ப்' என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் வயோதிபர்களின் முகம் ஏன் சுருங்குகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.)

விற்பனையாளர் சொல்வது ஒரே வசனம்தான்: "இந்த பிக்கப் 2,900 கிலோ இழுக்கும், பயப்படாதீர்கள்." இழுக்கும்தான். ஆனால் சுமக்குமா? றெயிலரின் மொத்தப் பாரத்தில் நூற்றுக்கு 10 முதல் 15 வரை அதன் மூக்கு வழியாக வாகனத்தின் பின்பக்கத்தில் இறங்குகிறது. அதைத் தாங்கும் அளவு, சாரதியின் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டுத்தாளில் இருக்கிறது. சாரதி, ஆட்கள், சாமான், றெயிலரின் மூக்குப் பாரம் எல்லாம் அந்த அளவுக்குள் அடங்கவேண்டும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒட்டுத்தாளில் 550 கிலோ என்றிருக்கட்டும். தாய், தகப்பன், மூன்று பிள்ளைகள் 260 கிலோ. அரிசி மூட்டை, சட்டிபானை, ஐஸ்பெட்டி 60. கொழுவும் இரும்புகள் 40. மிச்சம் 190. மூக்குப் பாரம் நூற்றுக்கு 12 என்றால் றெயிலர் 1,580 கிலோவைத் தாண்டக்கூடாது. 2,900 எங்கே, 1,580 எங்கே! அதுவும் சாமான், தண்ணீர் நிரப்பிய பின் உள்ள நிறை. விளம்பரத் தாளில் போடுவது வெறும் றெயிலரின் நிறை. தண்ணீர் ஒரு லீற்றர் ஒரு கிலோ என்பதை மறக்கவேண்டாம். பாரத்தை முன்சில்லுக்கும் பகிரும் விசேட கொழுவி வாங்கினால் வண்டி நேராக நிற்கும், ஆனால் ஒட்டுத்தாளின் எண் கூடாது.

கியூபெக்கில் பாரமேற்றிய றெயிலர் 1,300 கிலோ அல்லது அதற்கு மேல் என்றால் அதற்குத் தனி பிறேக் வேண்டும். இழுப்பதற்குச் சாதாரண 5ஆம் வகுப்பு லைசென்ஸ் போதும். பழகாத ஆளும் இழுத்துக்கொண்டு புறப்படலாம் என்பதால் இது எங்களுக்குப் பயம் தருகிறது. எனவே ஒரு ஞாயிறு காலை வெறும் பார்க்கிங் இடத்தில் பின்னுக்கு எடுத்துப் பழகுங்கள்.

நகரத்துக்குள் வளையும்போது றெயிலரின் சில்லு உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். நடைபாதையில் சனம் நிற்கும், அகலமாக வளையுங்கள். மொன்றியல் தீவில் சிவப்பு விளக்கில் வலப்பக்கம் திரும்ப முடியாது, அந்த நேரத்தில் கண்ணாடிகளைப் பார்த்துக்கொள்ளலாம். வில்-மரி சுரங்கத்தில் எரிவாயு சிலிண்டருக்குக் கட்டுப்பாடு உண்டு, நுழைய முன் பலகையை வாசியுங்கள்.

உயரமான றெயிலரைப் பாலத்தில் காற்று தள்ளும். அது வாலாட்டத் தொடங்கினால் வாகனத்தின் பிறேக்கை மிதிக்கவேண்டாம், ஸ்ரியறிங்கை வெட்டவும் வேண்டாம். அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்து, நேராகப் பிடித்து, றெயிலர் பிறேக்கை மட்டும் கையால் மெதுவாக அழுத்துங்கள். பின்சீற்றில் இருக்கும் பிள்ளைகளின் சத்தம் அடங்கட்டும் என்று காத்திருக்க நேரமில்லை. இதைப் புறப்பட முன் மனைவிக்கும் காட்டிவையுங்கள்.