‘ஆமா’ ஏன் பிந்தி வந்தது தெரியுமா?

ஒரு வில்லுப்பாட்டைக் குலைத்துப்போட 43 மில்லி நொடி போதும், தெரியுமா? கண் சிமிட்டி முடிக்கும் நேரத்தில் பாதிகூட இல்லை! போன சாரலில், வடகரை வீட்டு மச்சில் அதை என் காதாலேயே கேட்டேன்.

புலவர் கதை சொல்லச் சொல்லப் பின்பாட்டுக்காரர் ‘ஆமா’ போட வேண்டும். குரல்கள் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியாகப் பதிவாகட்டும் என்று, பின்பாட்டுப் பாடும் என் பெரியப்பாவைப் பக்கத்து அறையில் உட்காரவைத்திருந்தேன். ஆளுக்கொரு மைக், ஆளுக்கொரு ஹெட்போன், நடுவில் ஒரு லேப்டாப். அடி முடிந்தது, வீசுகோல் விழுந்தது, ‘ஆமா’ வரவில்லை. வந்தபோது புலவர் அடுத்த அடியில் இருந்தார். “என்னல இது, ஆமா போடுதவன் கிணத்துக்குள்ள இருந்து பேசுத மாதிரி இருக்கு?” என்றார். பெரியப்பா ஐம்பது வருஷமாகக் கோயில் கொடை கொடையாகப் பாடியவர். அவர் தாளம் பிசகவில்லை. பிசகியது கணினி.

கணினி ஒலியைச் சொட்டுச் சொட்டாகக் கை மாற்றுவதில்லை, வாளியில் பிடித்து வாளியாகத்தான் கொடுக்கும் என்பது தெரியுமா? ஒரு நொடிக் குரலை 48,000 மாதிரிகளாக நறுக்குகிறது. 1,024 மாதிரி சேர்ந்தால் ஒரு வாளி. உள்ளே வர ஒரு வாளி, வெளியே போக ஒரு வாளி, ஆக 43 மில்லி நொடி. அந்த நேரத்தில் காற்றில் ஒலி சுமார் 48 அடி போய்விடும். அதாவது ஓர் ஆள் கோயில் வாசலிலும் இன்னோர் ஆள் தெருமுனையிலும் உட்கார்ந்து வில்லுப்பாட்டுப் பாடுவது மாதிரி! இந்த வாளிக்குத்தான் பஃபர் என்று பேர்.

வாளியைச் சின்னதாக்கிவிட்டால் தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்தேன். 128 மாதிரியாகக் குறைத்தேன். தூரம் 6 அடியாகச் சுருங்கியது, ஆனால் ‘டப் டப்’ என்று வெடிச்சத்தம்! ஏன் தெரியுமா? இப்போது கணினி நொடிக்கு 375 வாளி சுமக்க வேண்டும். ஒரு மணி நேரக் கதைக்கு 13 லட்சத்து 50 ஆயிரம் வாளி! அதில் ஒரே ஒரு வாளி பிந்தினாலும் அந்த இடத்தில் ஒலி அறுந்து ஒரு ‘டப்’. மற்ற வேலைகளில் கணினி சராசரியாக வேகமாக இருந்தால் போதும். ஒலிப்பதிவில் சராசரிக்கு மதிப்பே இல்லை. ஒரு தடவைகூடப் பிந்தக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு.

பிந்தவைத்தது யார் என்று தேடினால் அதிசயமாக இருக்கிறது. முதல் ஆள் வைஃபை! பாட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். வைஃபையை இயக்கும் டிரைவர் சாஃப்ட்வேர் அடிக்கடி பிராசஸரைக் கூப்பிட்டுத் தன் வேலையை முடித்துத் தரச் சொல்லும், முடியும்வரை வாளிக்காரர் வரிசையில் நிற்க வேண்டியதுதான். அணைத்தேன், பாதி வெடிச்சத்தம் போயிற்று. இரண்டாவது ஆள் பிராசஸரேதான். வேலை இல்லாத நுண்நொடிகளில் அது மின்சாரம் மிச்சம் பிடிக்கக் கோழித்தூக்கம் போடுகிறது, தெரியுமா? எழுந்து வர நேரமாகிறது! மின்சேமிப்பை நிறுத்தி முழு வேகத்தில் வைத்தால்தான் விழித்திருக்கும். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் பவர் பிளானில் ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ தேர்ந்தெடுப்பதும், யூஎஸ்பி தூங்கப்போவதைத் தடுப்பதும், பதிவு முடியும்வரை அப்டேட்டை நிறுத்திவைப்பதும் இதனால்தான். அவர்களுக்கு ஆசியோ என்ற டிரைவரும் உண்டு. ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-ல் கொண்டுவந்தது. விண்டோஸின் சொந்த ஒலிக்கலவையைச் சுற்றிக்கொண்டு நேரே ஆடியோ இன்டர்ஃபேஸோடு பேசும் குறுக்குவழி.

இதே சிக்கல் செவ்வாய்க் கிரகத்தில் நடந்திருக்கிறது, நம்ப முடிகிறதா? 1997 ஜூலையில் அங்கே இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் தானாகத் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது. வானிலைத் தகவல் சேர்க்கும் சின்ன வேலை ஒன்று பொதுச்சாவியைக் கையில் வைத்திருந்தது. அதற்குள் நடுத்தர வேலைகள் புகுந்து அதை ஓடவிடாமல் செய்ய, சாவிக்காக மிக அவசரமான வேலை காத்துக்கிடந்தது. சாவி வைத்திருப்பவருக்குத் தற்காலிகமாக முன்னுரிமை கொடு என்று பூமியிலிருந்தே திருத்தி அனுப்பினார்கள்! அந்த உத்தியைத்தான் இன்று லினக்ஸ் இயங்குதளத்தின் ‘ரியல்டைம்’ கர்னலும், அதாவது நேரம் தவறாமல் வேலை பார்க்கும் அதன் உட்கருவும், கையாளுகிறது. 20 ஆண்டு உழைப்புக்குப் பிறகு, 2024-ல் வந்த லினக்ஸ் 6.12-ல்தான் அது மூலக் கர்னலோடு சேர்ந்தது. சேர்க்கச் சொல்லும் கோரிக்கையை அச்சடித்து, தங்கநிறத் தாளில் சுற்றி, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கையில் பரிசுபோலக் கொடுத்தார்களாம். எனக்கு இதைப் படித்தபோது கண் கலங்கியது.



நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். 1986-ல் ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா கணினி கொண்டு இசை சேர்த்தார்; யமஹா சிஎக்ஸ்5எம் என்ற இசைக் கணினி அது. அதன் பிராசஸர் வேகம் 3.58 மெகாஹெர்ட்ஸ். இன்றைய சாதாரண போனோடு ஒப்பிட்டால் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை! அது குரலைப் பதியவில்லை, சுரக் குறிப்புகளை வைத்துக்கொண்டு கருவிகளை வாசிக்கவைத்தது. ஆனாலும் தாளம் தப்பாது. அப்டேட் கிடையாது, வைஃபை கிடையாது, பார்க்க வேறு வேலையே கிடையாது.

வேறு வேலையே இல்லாத அந்தக் கணினியைப் பற்றிப் படித்த பிறகுதான் பரணில் கிடந்த அக்கா மகளின் விலையில்லா மடிக்கணினி ஞாபகம் வந்தது. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய திட்டத்தில் வந்தது. அப்போதே விண்டோஸோடு, சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது, நம்மில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தோம்? தூசி தட்டி, எடை குறைந்த ஒரு லினக்ஸும் ரியல்டைம் கர்னலும் போட்டேன். வைஃபை அணைத்தேன். ஒலி சாஃப்ட்வேருக்கு முதல் வரிசை கொடுத்தேன். அப்படிக் கொடுத்தாலும் லினக்ஸ் 100-க்கு 95 பங்கு நேரத்தைத்தான் விட்டுக்கொடுக்கும். சிஸ்டம் உறைந்துபோகாமலிருக்க மீதி 5 பங்கைத் தனக்கென வைத்துக்கொள்ளும். எவ்வளவு தெளிவான ஏற்பாடு! சார்ஜரில் வந்த ‘உம்ம்’ இரைச்சலுக்கு மட்டும் எந்த செட்டிங்கும் உதவவில்லை. பிளக்கைப் பிடுங்கிப் பேட்டரியில் ஓட்டினேன்.

பஃபர் 128. ஒரு மணி நேரம் பத்து நிமிடம், ஒரு ‘டப்’ இல்லை. ‘ஆமா’ வந்து விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. புலவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, “உங்க பெரியப்பா எங்கல, பக்கத்துலயா இருக்காரு?” என்று திரும்பிப் பார்த்தார். பின்னணியில் ஓட்டில் சாரல் விழும் சத்தமும் பதிவாகியிருக்கிறது. அதை நான் நீக்கவில்லை.