உடைத்தால்தான் சிலை!



சோழர் காலச் செப்புச் சிலைகள் சிறந்தவை என்று பரீட்சையில் எல்லாரும் எழுதுறோம். அதை எப்படிச் செஞ்சாங்கன்னு கேட்டா முழிக்கிறோம்! அதனால் எங்கள் 9ஆம் வகுப்பில் ஓவிய ஆசிரியர் அதே முறையில் எங்களையே செய்ய வைத்தார். கற்றதை உங்களுக்கும் சொல்றேன்.

இதற்கு மெழுகு வார்ப்பு முறை என்று பெயர். மொகஞ்சதாரோவில் 1926இல் கிடைத்த நடனப் பெண் சிலையும் இந்த முறையில் செய்ததுதான். அதன் வயது 4,000 வருஷத்துக்கும் மேல். உயரம் சுமார் 10.5 செ.மீ.தான், நம்ம ஸ்கேலை விடச் சின்னது! கும்பகோணம் பக்கத்துச் சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றும் இப்படித்தான் சிலை வார்க்கிறார்கள்.

செய்முறை:

1. மெழுகு: ஸ்தபதிகள் தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்ப்பார்கள். நாங்கள் மாரமங்கலத்தில் தேன் பிழிந்தபின் மிஞ்சிய அடையை உருக்கி வடிகட்டினோம். நான் ஒரு மீன் செய்தேன். வால் பக்கம் ஒரு மெழுகுக் குச்சி ஒட்டணும். பின்னால் அதுதான் ஊற்றும் வழி. காற்று வெளியேற இன்னொரு மெல்லிய குச்சி.

2. மண்: முதலில் சலித்த நைசான மண்ணைக் குழைத்துப் பூசணும். அப்போதான் மீன் செதில்கூட அச்சில் பதியும். அதுக்கு மேல மணல் கலந்த மண். நிழலில்தான் காய வைக்கணும், வெயிலில் வைத்தால் வெடிச்சிடும்.

3. சூடு: அச்சைச் சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிடும். உள்ளே மீன் வடிவத்தில் வெற்றிடம் மட்டும் இருக்கும். (இதை ஆசிரியர்தான் செய்தார். நீங்களும் தனியாகச் செய்யாதீங்க.)

4. ஊற்றுதல்: ஸ்தபதிகள் உருக்கிய உலோகம் ஊற்றுவார்கள். அதில் செம்புதான் அதிகம். நாங்கள் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றினோம்.

5. உடைத்தல்: இறுகியதும் மண் அச்சை உடைக்கணும். உடைத்தால்தான் சிலை வெளியே வரும்.

இங்கேதான் எனக்கு ஒன்று புரிந்தது. மெழுகும் போச்சு, அச்சும் போச்சு. அதே மீனை இன்னொரு தடவை வார்க்கவே முடியாது. அப்படியென்றால் ஒவ்வொரு சோழர் சிலையும் உலகத்திலேயே ஒன்றே ஒன்றுதான். காணாமல் போனால் போனதுதான்!

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் திருடுபோய், ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்துக்கு 50 லட்சம் டாலருக்கும் மேல் விற்கப்பட்டார். 2014இல் அவர் இந்தியாவுக்குத் திரும்பி வந்தார். எப்படி? புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் அந்தச் சிலையைக் கோயிலில் இருந்தபோதே போட்டோ எடுத்து வைத்திருந்தது. ஒரே மாதிரி இரண்டு சிலை இருக்காது என்பதால் அந்தப் போட்டோவே சாட்சி ஆச்சு!

நம்ம ஊர்க் கோயில்களிலும் பழைய விளக்கு, மணி, சிலை, கல் எல்லாம் இருக்கு. போட்டோ எடுத்து, உயரம் அளந்து, ஒரு நோட்டில் எழுதி வைத்தால் போதும், அதுவே காவல். பெரியவங்ககிட்ட அனுமதி கேட்டு எங்கள் வகுப்பு இதைத் தொடங்கப் போகுது. சேர விரும்புறவங்க 9ஆம் வகுப்புக்கு வாங்க. ஜன்னல் ஓரத்தில் எங்கள் மீன்களையும் பார்க்கலாம்.

கையால் செய்து கற்போம்! கண்போல் காப்போம்!


– 9ஆம் வகுப்பு மாணவி