“உந்த மெசினாலை எனக்கு நித்திரை வருமோ, தம்பி?”

சாம்பல்தீவில் சின்னம்மா வீட்டு விறாந்தையில் இருந்தபோது சல்லி அம்மன் கோயில் பக்கம் வெடி கொளுத்தினார்கள். சின்னம்மாவின் கை நடுங்கித் தேநீர் சேலையில் சிந்தியது. “கோயில் வெடியெண்டு தெரியும் தம்பி. நெஞ்சுக்குத்தான் தெரியேல்லை” என்றார்.

பிறகு கனடாவில் இருக்கும் மகள் அனுப்பிய வீடியோவைக் காட்டினார். தலையில் வயர்கள் ஒட்டிய ஒருவர் திரையைப் பார்த்தபடி இருக்கிறார். நியூரோஃபீட்பேக், அதாவது மூளையலைப் பயிற்சி. அந்தக் கருவியை வாங்கி அனுப்பட்டுமா என்று மகள் கேட்கிறாளாம். “உந்த மெசினாலை எனக்கு நித்திரை வருமோ?” அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. இரண்டு வாரம் தேடிப் படித்தேன்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடலாம். இது மின்சாரம் பாய்ச்சும் வைத்தியம் அல்ல. தலையில் ஒட்டுபவை மூளையின் மெல்லிய மின்னலைகளை அளக்க மட்டுமே செய்யும். கண்மூடி அமைதியாக இருக்கும்போது செக்கனுக்கு 8 முதல் 12 வரையான அல்பா அலைகள் கூடுதலாகத் தெரியும். வேண்டிய அலை கூடும்போது திரையில் படம் தெளிவாகும்; குறைந்தால் மங்கும். அதைப் பார்த்துப் பார்த்து மூளை தானே பழகிக்கொள்கிறது. சைக்கிள் ஓடப் பழகுவதுபோல, எப்படிச் செய்தோம் என்று நமக்கே சொல்லத் தெரியாது. 1950களின் கடைசியில் சிக்காகோவில் ஜோ கமியா என்ற உளவியலாளர் தொடங்கிய ஆய்வு இது.

பலன் உண்டா? அமெரிக்காவில் பெசல் வான் டெர் கொல்க் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், வேறு சிகிச்சைகளால் குணமாகாத நாட்பட்ட மனவடு நோயாளர் 52 பேர் இருந்தனர். 24 தடவை பயிற்சி பெற்றவர்களில் பெரும்பாலானோர் அந்த நோய் வரையறையிலிருந்து வெளியே வந்தனர். ஆனால் ஒப்பிடப்பட்ட மற்றக் குழு வெறுமனே காத்திருந்த குழு. ஆகவே குணப்படுத்தியது கருவியா, கூட இருந்து கவனித்த மனிதரா என்று பிரித்துச் சொல்ல முடியாது. சின்னம்மா கேட்ட நித்திரை பற்றி 2017இல் வெளியான ஒஸ்திரிய ஆய்வு இன்னும் கறாரானது. அதில் உண்மைப் பயிற்சியும் போலிப் பயிற்சியும் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தந்தன.

எனக்கு நெருக்கமாகப் பட்டது நம் பக்கத்து ஆய்வு ஒன்று. 2004 சுனாமிக்குப் பின், வடகிழக்கில் யுத்தத்தாலும் கடலாலும் பாதிக்கப்பட்ட 31 பிள்ளைகளுக்குப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரியர்கள் ஆறு அமர்வுகள் நடத்தினர். ஒரு பகுதியினர் தம் கதையை முதலிலிருந்து சொன்னார்கள். மறுபகுதியினர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். ஆறு மாதத்தின் பின் முதற் குழுவில் 81 வீதமும் மற்றதில் 71 வீதமும் தேறியிருந்தனர். சிறிய எண்ணிக்கைதான், சிலர் தாமாகவே தேறியும் இருக்கலாம். ஆனால் அங்கே எந்தக் கருவியும் இல்லை. பேராசிரியர் தயா சோமசுந்தரமும் யாழ்ப்பாணத்தில் பதகளிப்புக்கு மூச்சுப் பயிற்சியோடு அவரவர் மதத்து மந்திரம், ஜெபமாலை, திக்ர் போன்றவற்றையே பயன்படுத்தினார்.

திரும்பப் போய் இதையெல்லாம் சொன்னேன். சின்னம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, “மெசின் வருமெண்டு கிளினிக் குளிசையை நிப்பாட்டிப் போட்டன்” என்றார்.

இதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. சில குளிசைகளைத் திடீரென நிறுத்தினால் பதகளிப்பும் நித்திரையின்மையும் முன்னையதைவிட மோசமாகும். வைத்தியரைக் கேட்டுப் படிப்படியாகவே குறைக்க வேண்டும். அரச வைத்தியசாலை உளநலக் கிளினிக்கில் கட்டணம் இல்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் கருவி அனுப்புமுன், அம்மா குளிசை போடுகிறாரா என்று ஒருக்கால் கேட்டால் நல்லது.

கிளினிக் கொப்பியைத் தேடி எடுத்தோம். நான்கு மாதமாகப் போகவில்லை.

“மெசினைப் பிறகு பாப்பம். வியாழன் காலமை ஓட்டோவுக்குச் சொல்லிவிடு” என்றார் சின்னம்மா.