ஜப்பானில் ஆங்கில மொழிபெயர்ப்பாளர் வேலை: மொழி மாணவர்கள் அறிய வேண்டியவை



"மொழியைப் படிச்சா என்ன வேலைங்க கிடைக்கும்?" வகுப்பில் அடிக்கடி எழும் கேள்வி இது. அதற்கு ஒரு விடையாக, ஜப்பானில் ஆங்கிலத்தில் எழுதியும் திருத்தியும் மொழிபெயர்த்தும் வாழ்பவர்களைப் பற்றிப் பார்ப்போம். தொழில் தொடர்பான கட்டுரை எழுதுவோருக்கும் இது பயன்படும்.

1. என்ன வேலை?

ஜப்பானிய நிறுவனங்கள் ஆண்டறிக்கை, பயனர் கையேடு, அருங்காட்சியகக் குறிப்பு எனப் பலவற்றை ஆங்கிலத்திலும் வெளியிடுகின்றன. மொழிபெயர்ப்பாளர் மூலத்தை ஆங்கிலமாக்குவார். தொகுப்பாசிரியர் அதைச் செப்பனிடுவார். ஜப்பானியரே எழுதிய ஆங்கிலத்தைத் திருத்தித் தரும் வேலையும் உண்டு. அதை அங்கே 'நேட்டிவ் செக்' என்பார்கள். இத்தொழிலில் உள்ளவர்களுக்காக 'ஸ்வெட்' என்ற சங்கம் 1980இல் டோக்கியோவில் தொடங்கப்பட்டது.

2. சிக்கல் எங்கே வருகிறது?

அ) எழுவாய்: தமிழில் 'வந்தாள்' என்றாலே வந்தது யார், எத்தனை பேர் என்று தெரிந்துவிடும். ஜப்பானிய 'கிதா' அப்படியல்ல. வந்தேன், வந்தான், வந்தார்கள் எல்லாவற்றுக்கும் அது ஒன்றேதான். ஆங்கிலமோ எழுவாய் கேட்கும். யசுனாரி கவபத்தாவின் 'பனி நாடு' நாவலின் முதல் வாக்கியத்தில் எழுவாயே கிடையாது. 1956இல் வந்த ஆங்கிலப் பெயர்ப்பில் எட்வர்ட் சைடன்ஸ்டிக்கர் இரயிலை எழுவாயாக்கினார்.

ஆ) எண்: நமக்கு இலட்சம், கோடி இருப்பதுபோல் அவர்களுக்கு 'மன்', 'ஒகு' உண்டு. 1 மன் 10,000. 1 ஒகு 10 கோடி, அதாவது 100 மில்லியன். 35 ஒகு யென் என்றால் 3.5 பில்லியன் யென். அவசரத்தில் ஒரு சுழியம் தவறினால் நிறுவனத்தின் கணக்கே மாறிப்போகும்!

இ) கடன் சொல்: ஜப்பானில் 'மன்ஷொன்' என்பது மாளிகை இல்லை, சாதாரண அடுக்குமாடி வீடு. 'குரேமு' என்பது ஆங்கிலத்தின் 'கிளெய்ம்'தான். ஆனால் வாடிக்கையாளரின் புகாரைக் குறிக்கும். தெரிந்த சொல்தானே என்று நம்பினால் அங்கேதான் சறுக்கும்.

ஈ) வழக்குத் தொடர்: 'யொரோஷிகு ஒனெகாய்ஷிமாஸ்' என்பதை முதல் சந்திப்பிலும் சொல்வார்கள், உதவி கேட்கும்போதும் சொல்வார்கள், கடித முடிவிலும் எழுதுவார்கள். ஒரே ஆங்கிலத் தொடர் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. இடம் பார்த்துத்தான் சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

3. தகுதியும் ஊதியமும்

ஜப்பானிய மொழித்திறன் தேர்வில் என்5 முதல் என்1 வரை ஐந்து நிலைகள். என்1 மிக உயர்ந்தது. வேலை விசாவுக்குப் பொதுவாகப் பட்டப்படிப்பு தேவை. 1987இல் தொடங்கிய 'ஜெட்' திட்டத்தில் சிங்கப்பூரர்களும் சேர்கிறார்கள்; அதில் அனைத்துலக உறவு ஒருங்கிணைப்பாளராகச் செல்வோர் உள்ளூர் அரசு அலுவலகங்களில் மொழிபெயர்ப்பும் செய்வார்கள். தனியாகத் தொழில் செய்வோருக்கு மூலத்தின் எழுத்தை எண்ணியோ ஆங்கிலச் சொல்லை எண்ணியோ கூலி தருவார்கள்.

4. இயந்திரம் வந்துவிட்டதே?

ஆமாம், வந்துவிட்டது. இப்போது பல வேலைகளில் முதல் வரைவை இயந்திரம் தருகிறது. மனிதர் அதைத் திருத்துகிறார். கூலியும் அதற்கேற்பக் குறைகிறது. இதை மறைத்து மாணவருக்கு ஆசை காட்டக் கூடாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மூலத்தில் எழுவாய் இல்லாவிட்டால் இயந்திரம் ஊகித்து ஒன்றைப் போட்டுவிடும். தவறான வாக்கியமும் சரளமாகவே இருக்கும். ஆங்கிலம் மட்டும் அறிந்தவருக்குப் பிழை தெரியாது. மூலத்தையும் படித்து, "இது யாரைச் சொல்லுது?" என்று சந்தேகப்படுபவர்தான் அதைப் பிடிப்பார். மூலமொழியை ஆழமாகப் படிக்காதவருக்கு இத்தொழிலில் இனி இடம் குறைவு.

5. வகுப்புப் பயிற்சி

"நாளைக்குப் போகணுமாம்." இதை ஆங்கிலத்தில் எழுதுங்க பார்ப்போம். போக வேண்டியது யார்? சொன்னது யார்? தமிழ் வாக்கியத்தில் இரண்டுமே இல்லை. மாணவர்களைக் குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் வெவ்வேறு சூழலைக் கொடுங்கள்: வீடு, மருத்துவமனை, பள்ளி அலுவலகம். விடைகள் எப்படி மாறுகின்றன என்று ஒப்பிடச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பு என்பது அகராதி வேலை மட்டுமல்ல என்பது அவர்களுக்கே புரிந்துவிடும்.