கற்பித்தலின் அறம் – 7: பார்பியானா கேட்ட இரண்டாவது வரம்

சென்ற வாரம் தண்டனையைப் பற்றிப் பேசினோம். பிரம்படியைவிடக் கொடிய தண்டனை ஒன்று பள்ளிக்கூடத்தில் உண்டு: ஒரு பிள்ளையை ஃபெயிலாக்கி, இனி உனக்குப் படிப்பு வராது என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவது. அப்படி அனுப்பப்பட்ட பிள்ளைகள் சேர்ந்து எழுதிய புத்தகம் ஒன்று 1967 மே மாதம் இத்தாலியில் வெளிவந்தது. ‘ஓர் ஆசிரியைக்குக் கடிதம்’ என்று பெயர். எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘பார்பியானா பள்ளி’ என்று மட்டும் இருந்தது.

பார்பியானா, ஃபிளாரன்ஸ் நகரை அடுத்த முஜெல்லோ மலைப்பகுதியில் உள்ள ஒரு சிற்றூர். ஒரு தேவாலயம், ஒரு கல்லறைத் தோட்டம், மலைச்சரிவில் சிதறிக் கிடக்கும் விவசாயிகளின் வீடுகள். 1954 டிசம்பரில் லொரென்ஸோ மிலானி என்ற பாதிரியாரை அங்கே அனுப்பினார்கள். ஒழுங்கான சாலை இல்லை, மின்சாரம் இல்லை. அவருடைய கருத்துகள் பிடிக்காத மேலிடம் தந்த தண்ணியில்லாக் காட்டு மாறுதல் அது. வந்த மறுநாளே அவர் அந்தக் கல்லறைத் தோட்டத்தில் தனக்கு ஓர் இடத்தை விலைக்கு வாங்கிக்கொண்டார். இந்த ஊரைவிட்டுப் போகப்போவதில்லை என்று பிள்ளைகளுக்கு அதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. வசதியும் படிப்பும் தலைமுறைகளாகக் குவிந்திருந்த குடும்பத்தில் பிறந்தவர் அவர்.

ஊர்ப் பிள்ளைகளுக்குத் தேவாலய வீட்டிலேயே பள்ளி தொடங்கினார். காலையில் ஆரம்பித்தால் மாலை வரை நடக்கும். விடுமுறை கிடையாது, ஞாயிறும் கிடையாது. தினமும் செய்தித்தாளை உரக்கப் படித்து வரிக்கு வரி விவாதித்தார்கள். பெரிய பையன்கள் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒருவனுக்குப் புரியவில்லை என்றால் பாடம் அங்கேயே நிற்கும். அவனுக்குப் புரிந்த பிறகே நகரும். நம் வகுப்பறைகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. புரிந்தவர்களோடு பாடம் போய்விடும், புரியாதவன் கடைசி பெஞ்சில் தங்கிவிடுவான்.

அந்தக் கடிதம் எழுதப்பட்ட விதமே ஒரு கல்வி. எட்டு மாணவர்கள் சேர்ந்து எழுதினார்கள். தோன்றியதையெல்லாம் ஆளுக்கொரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள், ஒரு தாளில் ஒரே ஒரு கருத்து. பிறகு எல்லாத் தாள்களையும் மேசைமேல் பரப்பி, ஒன்றையே இரண்டு பேர் எழுதியிருந்தால் ஒன்றை எடுத்துவிடுவார்கள். இனம் இனமாக அடுக்கினால் அத்தியாயம் உருவாகும். அதன்பின் வெட்டுவதுதான் வேலை. இந்தச் சொல் வேண்டுமா, இந்த வாக்கியம் எங்கள் அம்மாவுக்குப் புரியுமா என்று கேட்டுக்கேட்டு வெட்டுவது. எழுதவே வராது என்று தள்ளிவிடப்பட்டவர்கள் இப்படி எழுதிய அந்தப் புத்தகம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது, தமிழிலும் வந்திருக்கிறது.

14 வயது வரை எல்லாருக்கும் ஒரே மாதிரியான நடுநிலைப் பள்ளி என்று இத்தாலி 1962இல் சட்டம் போட்டிருந்தது. சட்டத்துக்குப் பிறகும் பிள்ளைகள் பாதியிலேயே நின்றார்கள். நின்றவர்கள் யார் என்று புள்ளிவிவரம் திரட்டிக் காட்டினார்கள் இந்தப் பையன்கள். பெரும்பாலும் விவசாயி வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளும். மூன்று கோரிக்கைகள் வைத்தார்கள். யாரையும் ஃபெயிலாக்காதீர்கள். படிப்பு வராதவர் போலத் தெரிகிறவர்களுக்கு முழுநாளும் பள்ளி நடத்துங்கள். சோம்பேறி போலத் தெரிகிறவர்களுக்குப் படிப்பதற்கு ஒரு நோக்கத்தைக் கொடுங்கள்.

நாம் முதல் கோரிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு இத்தனை ஆண்டுகளாகச் சண்டை போடுகிறோம். கல்வி உரிமைச் சட்டம் 2009இல் எட்டாம் வகுப்பு வரை நிறுத்திவைக்கக் கூடாது என்றது. 2019இல் திருத்தம் வந்து, ஐந்திலும் எட்டிலும் நிறுத்திவைக்க மாநிலங்களுக்கு வழி திறந்தது. தமிழ்நாடு அந்த வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வை அறிவித்து, கடும் எதிர்ப்புக்குப் பிறகு 2020 பிப்ரவரியில் கைவிட்டது. கைவிட்டது சரியான முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பத்து வயதுப் பிள்ளைக்குத் தோல்வி முத்திரை குத்தி யாரும் எதையும் சாதிக்கப்போவதில்லை.

ஆனால், ‘ஆல் பாஸ்’ போட்டதோடு கடமை முடிந்ததாக நினைப்பதும் கைவிடுதல்தான். கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளை ஐந்திலிருந்து ஆறுக்கும் ஏழுக்கும் எட்டுக்கும் தள்ளப்பட்டு, ஒன்பதாம் வகுப்பில் பிடிபடுகிறது. அங்கே காத்திருப்பது ‘நூறு சதவீதத் தேர்ச்சி’ என்ற பேனர். அந்த பேனரைக் காப்பாற்ற, தேறாத பையனின் அப்பாவைக் கூப்பிட்டு, “வேற ஸ்கூல்ல சேத்துருங்க, டி.சி. தந்துடறோம்” என்று தணிந்த குரலில் சொல்லும் பள்ளிகள் உண்டு. பதிவேட்டில் அவன் தோற்றதாக இருக்காது. அவனாக விலகியதாக இருக்கும்.

பார்பியானா பையன்களோடு நான் முரண்படும் இடம் ஒன்று உண்டு. முழுநேரப் பள்ளிக்கு முழுநேர ஆசிரியர் வேண்டும் என்ற அவர்கள், அதற்குத் திருமணமே செய்துகொள்ளாத வாழ்க்கையையும் ஒரு வழியாகச் சொன்னார்கள். மிலானி பாதிரியார், அவரால் முடிந்தது. மாலை வீட்டுக்குப் போய் உலை வைத்து, மாமியாருக்கு மருந்து கொடுத்து, இரவில் விடைத்தாள் திருத்தும் ஆசிரியையிடம் இன்னும் நான்கு மணி நேரம் தா என்று கேட்பது நியாயமாகாது. இரண்டாவது கோரிக்கையை அவரிடம் நீட்டக் கூடாது. பின்தங்கிய பிள்ளைகளுக்கென்றே தனி ஆசிரியர், தனி நேரம், அதற்கான சம்பளம் என்று அரசின் நிதிநிலை அறிக்கையில் கேட்க வேண்டிய கோரிக்கை அது. ஃபெயில் கூடாது என்று வீதிக்கு வந்த நாம், இதற்காக இன்னும் வரவில்லை.

(தொடரும்)