கடதாசி இருக்கிறது, தேடினால் கிடைப்பதில்லை!

ஊர்காவற்றுறையில் கடை, நயினாதீவில் திருவிழாக் காலக் கடை, நெடுந்தீவில் கடன் வாடிக்கையாளர்கள், குடும்பம் புத்தளத்தில். இப்படி வியாபாரம் செய்யும் சகோதரர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். கடை வாடகை ஒப்பந்தம் வீட்டு அலுமாரியில் இருக்கும். பிரதேச சபை அனுமதிப்பத்திரம் கடை லாச்சியில், பழைய கணக்குக் கொப்பிகள் கணக்காளரிடம், விலை விபரங்கள் மகனின் வட்ஸ்அப்பில். எந்த மொத்த வியாபாரி எத்தனை நாள் தவணை தருவார் என்பது முதலாளியின் தலைக்குள் மட்டும்.

தீவகத்தில் இந்தச் சிதறலுக்கு விலை அதிகம். ஊர்காவற்றுறையும் வேலணையும் நெடுந்தீவும் வெவ்வேறு பிரதேச செயலகங்கள், வெவ்வேறு பிரதேச சபைகள். நயினாதீவு வேலணையின் கீழ் வருகிறது. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். வங்கிக்குப் போன பிறகு ஒரு கடதாசி குறைகிறது என்றால் அன்றைய நாள் போய்விட்டது.

*1990 தந்த பாடம்*

கடதாசி தொலைந்தால் என்ன நடக்கும் என்று வடபுல முஸ்லிம்களுக்கு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டபோது காணி உறுதிகளையும் கடன் கொப்பிகளையும் விட்டுவிட்டு வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

இதில் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. நொத்தாரிசு காணி உறுதி எழுதும்போது ஒரு பிரதி உரிமையாளருக்கு, இன்னொன்று காணிப் பதிவகத்துக்கு, மற்றது நொத்தாரிசிடம். ஆகவே நம் கையிலுள்ளது தொலைந்தாலும் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி பெற வழி உண்டு. ஆனால் அங்கே கேட்கும் கேள்வி: உறுதி இலக்கம் என்ன? திகதி என்ன? எழுதிய நொத்தாரிசு யார்? இந்த மூன்றையும் ஒரு துண்டுத் தாளில் குறித்து வைத்தவருக்கு வேலை இலகு. குறிக்காதவருக்குப் பதிவுப் புத்தகங்களில் நெடுந்தேடல். அவருடைய காணியின் கடதாசி உலகத்தில் இருக்கிறது, ஆனால் அவர் கைக்கு வராது.

ஆவணத்தைப் பத்திரப்படுத்துவது பாதி வேலை. எது எங்கே இருக்கிறது என்ற பட்டியல்தான் மீதிப் பாதி.

*பட்டியலை எப்படிப் போடுவது?*

பெரிய மென்பொருள் தேவையில்லை. கணினியில் ஓர் எக்ஸல் தாள், அல்லது போனில் கூகுள் ஷீட் போதும். ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு வரி. அதில் தொடர் இலக்கம், ஆவண வகை, மறுதரப்பின் பெயர், திகதி, காலாவதித் திகதி, மூலப்பிரதி இருக்கும் இடம். அதே தொடர் இலக்கத்தைக் கடதாசி வைத்த பைலிலும் எழுதுங்கள். பிறகு ஆவணத்தைப் படம் பிடித்து, அந்த இலக்கத்தையே படத்துக்கும் பெயராக வையுங்கள். போன் தானாக வைத்த பெயரோடு விட்டால், ஆயிரம் படங்களுக்குள் ஒன்றைத் தேட முடியாது.

இங்கே நமக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ஒரே ஊர் ஒரு கடதாசியில் ஊர்காவற்றுறை, இன்னொன்றில் கயிட்ஸ். நயினாதீவு நாகதீபமாகிறது, நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆகிறது. ஒரே ஆள் முஹம்மது, முகம்மது, மொஹமட் என்று மூன்று பேராகிவிடுகிறார். கணினிக்கு இவை வேறு வேறு சொற்கள். ஆகவே பட்டியலில் ஒரே எழுத்தை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். கடதாசியில் வேறு விதமாக இருந்தால் அதையும் பக்கத்துக் கட்டத்தில் குறியுங்கள்.

*பட்டியல் ஒன்று, பிரதி பல*

2005 இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தைப் பாருங்கள். ஈழத்து நூல்களும் பத்திரிகைகளும் வீடு வீடாக, நாடு நாடாகச் சிதறிக் கிடந்தன. தொண்டர்கள் அவற்றைச் சேகரித்து, ஒவ்வொன்றுக்கும் இலக்கமும் தலைப்பும் ஆசிரியர் பெயரும் ஆண்டும் இட்டு ஒரே இடத்தில் தேடும்படி செய்தார்கள். அவர்கள் நூல்களுக்குச் செய்ததை நாம் கடைக் கடதாசிக்குச் செய்யலாம்.

ஆனால் ஒரே இடத்தில் மட்டும் வைப்பதும் ஆபத்து. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் ஒன்றாக அழிந்தன. ஆகவே கூகுள் டிரைவில் ஒரு பிரதி, பென் டிரைவில் வேறூரில் இன்னொன்று.

படம் இருக்கிறதே என்று மூலப்பிரதியை வீசிவிடாதீர்கள். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் இலத்திரனியல் ஆவணங்களை ஏற்றுக்கொண்டாலும், மரண சாசனம், காணி விற்பனை போன்றவை அதற்குப் புறம்பானவை.

கடைசியாக, தலைக்குள் இருப்பதையும் எழுதுங்கள். யாருக்கு நாம் கொடுக்க வேண்டும், யார் நமக்குத் தர வேண்டும், அமானிதமாக யாருடைய பொருள் நம்மிடம் உள்ளது என்பவற்றையெல்லாம். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடனை எழுதி வைப்பதைப் பற்றியதுதான். வாரிசுகளுக்குச் சொத்தைப் பிரிக்கு முன் கடனைத் தீர்க்க வேண்டும் என்பது நாம் அறிந்தது. எழுதாமல் போன முதலாளியின் கடனைப் பிள்ளைகள் எப்படித் தீர்ப்பார்கள்?

இன்றிரவு கடை மூடிய பின் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் வரியாகக் காணி உறுதியின் இலக்கத்தை எழுதுங்கள்.